ஒரு போத்தல் மரை இரத்தம்

பனிக்குழித் தோட்டத்தில் அந்த வருஷம் முதலில் செத்தது துரையின் மாடு. லயத்து மாடு ஏதாவது முதலில் செத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் மாடு செத்தால் அது சொந்தக்காரரின் தலைவிதி. தேயிலைத் தோட்டத்தை ஆளுகிற துரையின் பங்களாவில் மாடு செத்தால்தான் அது நோய். ஐம்பத்திமூன்றாம் வருஷம் மாசி மாதம், ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நான்கு மாடுகளில் இரண்டு, ஒரே வாரத்துக்குள், காய்ச்சல் கண்டு, சாயம் கூடிய தேத்தண்ணி நிறத்தில் மூத்திரம் பெய்து, கொட்டிலிலேயே விழுந்து செத்தன. அந்த மாடுகளுக்குச் சீமெந்துத் தரை இருந்தது, குழாய்த் தண்ணீர் இருந்தது, தனியாக வேலி போட்ட புல்வெளியும் இருந்தது. லயத்து மனிதர்களுக்கு முதல் இரண்டும் இல்லை, மூன்றாவதை அவர்கள் கேட்கவுமில்லை.

யார் மேல் பழி போடுவது என்று யோசிக்கத் துரைக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. லயங்களில் பதினொரு மாடுகள் இருந்தன. எல்லாம் குட்டையான நாட்டு மாடுகள். துரையின் வேலிக்கு வெளியே, பத்தனை என்று சொல்லும் புல்மலைச் சரிவில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தாமாகவே வீடு திரும்புகிறவை. அவைதான் நோயைக் கொண்டுவந்தன, பதினொன்றையும் சுட்டுப் புதைத்துவிட வேண்டும், பதுளையிலிருந்து மாட்டு வைத்தியர் வந்து பார்த்து ஆமாம் என்று சொல்வதுதான் பாக்கி என்று கங்காணி பெரட்டில் வைத்துச் சொன்னார். பெரட்டு என்பது விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற களம். அங்கே சொல்லப்படுவதற்கு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்று வேலாயியின் செவலை. வேலாயிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிவிட்டது. ஒரே மகள் தனலெட்சுமி. அவளுக்கு மார்கழியில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகு அவள் முகம் வெளுத்த துணி போல ஆகிவிட்டது. எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். மார்பில் பால் சுரக்கவே இல்லை. உடம்பில் இரத்தம் இல்லாதவளுக்குப் பால் எங்கிருந்து வரும் என்று டிஸ்பென்சர் ஐயா கையை விரித்துவிட்டார். மருமகன் பெரகலப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போனவன், மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டுவான்.

ஆக, பேத்தியை உயிரோடு வைத்திருந்தது செவலைதான். காலையில் கறந்த பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சி ஆறவைத்துச் சங்கில் ஊற்றுவாள் வேலாயி. குழந்தை சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போகும். கங்காணி பெரட்டில் சொன்னதைக் கேட்டபோது வேலாயிக்கு மாடு நினைவுக்கு வரவில்லை, அந்தப் பிடிதான் நினைவுக்கு வந்தது. கூடையை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கங்காணி அதட்டிய பிறகுதான் எழுந்தாள்.

மாட்டு வைத்தியர் செவ்வாய்க்கிழமை வந்தார். பெயர் இரகுநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் அரசாங்க வேலை. ஒல்லியான மனிதர். ஒரு மரப்பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். கிளாக்கர் வீட்டில் அவருக்காகக் கோழி அடித்திருந்தார்கள். தான் முட்டையும் தொடாத சைவம் என்று சொல்லி, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புட்டை ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து தின்றார். லயத்துப் பொம்பிளைகளை அவர் 'நீங்கள்' என்று கூப்பிட்டது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. அடுத்த லயத்துக் கருப்பம்மா, தன்னைப் பெற்றவன்கூட இப்படி மரியாதை கொடுத்ததில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் மாடும் பதினொன்றில் ஒன்று. சிரிப்பதற்கு அன்று வேறு எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு மாட்டின் காது நுனியிலும் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, ஏதோ ஊதா மருந்தில் குளிப்பாட்டி, காயவைத்து, பெட்டிக்குள்ளிருந்து எடுத்த பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். மத்தியானம் வரை பார்த்தார். கடைசியில் நிமிர்ந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை. துரையின் மாடுகளைக் கொன்ற கிருமி பதினொரு மாட்டின் இரத்தத்திலும் இருந்தது. வேலாயி தைரியமாகக் கிட்டப் போய்த் தானும் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் விலகி இடம் கொடுத்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் வட்டம் வட்டமாக ஏதோ கிடந்தது. அதெல்லாம் இரத்தத்தின் அணுக்கள் என்றார். எங்கோ ஒன்றின் நடுவில், காம்போடு காம்பு ஒட்டிய இரண்டு பேரிக்காய் மாதிரி ஊதா நிறத்தில் இரண்டு புள்ளி. அவ்வளவுதான். தன் பேத்தியின் பாலைப் பறிக்க வந்தது இத்தனூண்டுதானா என்று வேலாயிக்கு ஆத்திரமாக வந்தது. விரலால் நசுக்கிவிடலாம் போலிருந்தது.

ஆனால் இரகுநாதன் துரைக்கு ஆமாம் போட்டுவிட்டுப் போகிற ரகமில்லை. உண்ணி கடித்துத்தான் இந்தக் கிருமி பரவுகிறது, நாட்டு மாடு கன்றிலேயே அதை வாங்கி உடம்பில் வைத்துக்கொண்டு நன்றாகவே நடமாடும், கப்பலில் வந்த மாடு தாங்காது என்று விளக்கினார். அதோடு இன்னொன்றும் சொன்னார். குளிர் நாடுகளில் மலை ஆட்டின் இரத்தத்திலும் மானின் இரத்தத்திலும் இப்படிப்பட்ட பூச்சிகள் குடியிருப்பதாகவும், அந்த மிருகங்கள் அதைச் சுமந்துகொண்டு ஒன்றும் தெரியாதவை போலத் திரிவதாகவும் புத்தகத்தில் படித்திருக்கிறாராம். துரையின் புல்வெளியில் அவர் மரையின் குளம்படி பார்த்திருந்தார். மரை என்பது மாட்டளவு உயரமான காட்டுமான். பத்தனைக்குக் கீழே உள்ள காட்டிலிருந்து வேலி தாண்டி வந்து மேய்ந்துவிட்டுப் போகும். மரையின் மேலும் உண்ணி உண்டு. இங்கத்து மரையின் இரத்தத்தைத் தான் பார்த்ததில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றார். சந்தேகம் சரியாக இருந்தால், லயத்து மாடுகளைக் கொன்று ஒரு பிரயோசனமும் இல்லை. காடு இருக்கும்வரை நோயும் இருக்கும்.

இதைத் துரையிடமும் போய்ச் சொன்னார். துரை பைப்பைக் கடித்துக்கொண்டு முழுவதும் கேட்டாராம். பிறகு, காட்டு மிருகம் ஒன்றின் இரத்தத்தில் அந்தப் பேரிக்காய்களைக் காட்டு, மாடுகளை விட்டுவிடுகிறேன், சனிக்கிழமை காலை வரை தவணை என்றாராம். மனசாட்சி உள்ள துரை என்று கிளாக்கர் மெச்சிக்கொண்டார்.

லைசென்ஸ் இல்லாமல் மரையைத் தொட்டால் மறியல், ஜெயிலில் தள்ளிவிடுவார்கள். அரசாங்க உத்தியோகத்தர் அதைச் செய்யச் சொல்லவும் முடியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கி நடந்துகொண்டிருந்த இரகுநாதன், பின்னாலேயே ஓடிவந்த வேலாயியைக் கண்டு நின்றார். பையைத் துழாவி, மருந்து இருந்து காலியான ஒரு சின்னப் போத்தலையும் தக்கையையும் எடுத்து அவள் கையில் வைத்தார்.

"மரையின்ரை இரத்தம் கொஞ்சம் வேணும். எப்பிடிக் கிடைச்சது எண்டு நான் கேக்க மாட்டன். உறைய விடாமல் பதுளைக்குக் கொண்டு வாங்கோ. அது காணும்."

கீழே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவர் பெட்டியை அணைத்துக்கொண்டு ஓடினார். வேறு எதையும் சொல்லவும் இல்லை, அவளும் கேட்கவில்லை. உறையவிடக் கூடாது என்பது அவளுக்கு நன்றாக விளங்கிவிட்டது.

லயத்தில் கண்ணி வைக்கத் தெரிந்தவர் வீரசிங்கம். ஐம்பது தாண்டிய மனிதர், தொழிற்சாலையில் கம்பி வேலை, வேலாயியின் புருஷனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் மாடு வைத்திருக்கவில்லை. மாட்டிக்கொண்டால் போகிறது அவர் வேலை. வேலாயி போய்க் கேட்டபோது சரி, முடியாது என்று எதுவும் சொல்லாமல் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கம்பி வடத்தை எடுத்துப் பார்த்து, இது தாங்கும் என்றார். புதனும் வியாழனும் கண்ணி வெறுமையாகக் கிடந்தது. வியாழன் சாயங்காலம் வேலாயி முனியாண்டி கல்லுக்கு முன்னால் போய் நின்று, ஒரு வருஷமும் உனக்கு ஆடு குறைத்தது கிடையாதே, இந்த ஒரு தடவை காட்டிலிருந்து ஒன்றை அனுப்பிவை என்று சண்டையே போட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக வீரசிங்கம் வந்து கதவைத் தட்டினார். பத்தனை ஓரத்துப் பள்ளத்தில் ஒரு பெட்டை மரை, பின்னங்கால் கம்பியில் மாட்டி, இழுத்து இழுத்துக் களைத்துப்போய் நின்றுகொண்டிருந்தது. வேலாயி அதன் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை வராது என்று அவளுக்குத் தெரியும். வீரசிங்கம் கத்தியைப் போட்டதும் அவள் அலுமினியத் தட்டை நீட்டி இரத்தத்தைப் பிடித்தாள். மடியில் ஒரு கைப்பிடி உப்பை முடிந்துகொண்டுதான் வந்திருந்தாள். முனியாண்டிக்கு வெட்டுகிற ஆட்டின் இரத்தத்தை வருஷா வருஷம் தட்டில் ஏந்துகிறவள் அவள்தான். உப்புப் போட்டுக் கலக்கினால் இரத்தம் உறையாது, சமையலுக்கு எடுக்கும்வரை கெடாது. அந்தத் தொழிலில் அவள் கை ஒருநாளும் தவறியதில்லை. உப்பைத் தூவி, விரலால் நாலு சுற்றுச் சுற்றி, போத்தலில் கழுத்துவரை ஊற்றித் தக்கையை அழுத்தினாள். ஒரு கட்டி இல்லாமல் தண்ணீராக நின்றது. அதைப் பார்க்க அவளுக்கே பெருமையாக இருந்தது.

மரையை அப்படியே போட்டுவிட்டு வரமுடியாது. பெரட்டுக்கு முன்னால் வாச்சர் அந்தப் பக்கம் வருவான். பதினொரு மாட்டு வீட்டுக்காரர்களும் இறங்கி வந்து அரை மணி நேரத்தில் வெட்டிப் பங்கு போட்டார்கள். தலையையும் எலும்பையும் தீயில் போட்டார்கள். தோலைக் கல்லைக் கட்டி ஓடையில் அமிழ்த்தினார்கள். பச்சை இறைச்சி ஒரு துண்டும் வெளியில் இருக்கக் கூடாது என்று எல்லா அடுப்பிலும் சட்டி ஏறியது. லயத்தில் ஒரு வழக்கம் உண்டு: எந்த மிருகத்தை வெட்டினாலும் அதன் சுவரொட்டி, அதாவது ஈரலுக்குப் பக்கத்தில் நாக்குப் போல ஒட்டிக்கிடக்கிற கறுத்த துண்டு, பிள்ளை பெற்ற வீட்டுக்குத்தான். இரத்தம் ஊறும் என்பார்கள். கேட்காமலே அதை வேலாயியின் தட்டில் வைத்தார்கள்.

வேலாயி அதைக் கரிநெருப்பில் வாட்டி, மிளகு தூவி, தனலெட்சுமியின் வாயில் ஊட்டினாள். கவிச்சி அடிக்கிறது என்று அவள் முகம் சுளித்தாள். தின்னுடி, இன்னைக்கு நல்ல நாள் என்று வேலாயி அதட்டிக் கடைசித் துணுக்கு வரை தின்ன வைத்தாள். மகளுக்கு இரத்தம், பேத்திக்குப் பால், இரண்டையும் ஒரே காலையில் சம்பாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, போத்தலை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீரசிங்கத்தோடு லுணுகலைக்கு நடந்தாள். அங்கிருந்து பஸ். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பெரட்டில் பேர் விழவில்லை. அன்றையக் கூலி போயிற்று.

பதுளையில் இறங்கி விசாரித்து விசாரித்து ஆபீசைக் கண்டுபிடித்தபோது பதினொரு மணி. இரகுநாதன் போத்தலைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உறையவே இல்லையே என்று ஆச்சரியப்பட்டார். வேலாயிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவர் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடியில் இழுத்து, மருந்தில் குளிப்பாட்டி, காயவைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு சொட்டு எடுத்தார். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்திருந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"இதுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

"ஒண்ணும் போடலிங்க" என்றாள் வேலாயி. பிறகு, ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று, "உப்பு மட்டுந்தாங்க. ஒறையக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். உப்பு அணுக்களைச் சுருட்டிச் சிதைத்துவிட்டது. கண்ணாடியில் தெரிந்தது வெறும் குப்பை. பேரிக்காய் இருந்ததா இல்லையா என்று கடவுளாலும் சொல்ல முடியாது. இரத்தம் அடுப்படிக்குள் வராத வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். அதில் உப்புப் போடுவார்கள் என்பது அவர் கனவிலும் வராத சங்கதி. உப்புப் போடாமல் இரத்தம் பிடிப்பார்கள் என்பது அவள் கனவிலும் வராத சங்கதி. நடுவில் ஒரே ஒரு வார்த்தைக்கு இடமிருந்தது. பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

"பிழை உங்கடை இல்லை. சொல்லாமல் விட்டது நான்" என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, மரையின் உடம்பில் ஏதாவது பச்சையாக மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டார். தோலாவது, காதாவது, எதுவானாலும் பரவாயில்லை. வீரசிங்கம் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். தோல் ஓடையில். தலை சாம்பல். மற்றதெல்லாம் வெந்து பாதி வயிற்றுக்குள் போயிருக்கும்.

"மண்ணீரல்? ஈரலோடை சேந்து, கறுப்பா, நாக்கு மாதிரி. அதை வெட்டிக் கண்ணாடியிலை ஒருக்கா ஒத்தினாலே காணும். இரத்தத்தைவிட அதிலைதான் வடிவாத் தெரியும்."

வீரசிங்கம் வேலாயியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதச் சுட்டு எம்மவளுக்குக் குடுத்துட்டேங்க" என்றாள் அவள். "புள்ள பெத்த ஒடம்பு, ரத்தம் ஊறும்னு."

இரகுநாதன் துரைக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு பக்கம். ஒரு வாரம் பொறுக்கும்படி கெஞ்சி எழுதியிருப்பதாகவும், தன்னால் இயன்றது இவ்வளவுதான் என்றும் சொல்லி ஒட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது வேலாயி அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கைப்பிடி உப்பு, ஒரு கைப்பிடி உப்பு என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். வீரசிங்கம் இரண்டு தடவை அவள் தோளைத் தொட்டு ஏதோ ஆறுதல் சொன்னார். அது காதில் விழவில்லை. மகளிடம் சுவரொட்டியைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று மட்டும் அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பங்களா வாசலில் நின்று கடிதத்தைக் கொடுத்தாள். துரை நின்றபடியே படித்தார், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார், உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலை, வழக்கத்தைவிட முந்தி, வேலாயி செவலையைக் கறந்தாள். ஒரு சொட்டு விடாமல் கறந்தாள். பத்தனையில் முதல் நாளே குழி வெட்டி வைத்திருந்தார்கள். முதல் மாட்டை வாச்சர்கள் இழுத்துப் போகப் பார்த்தார்கள். அது காலை ஊன்றிக்கொண்டு அசையவில்லை. லயத்து மாடு பழகாத கைக்கு வராது. அதனால் அவரவர் மாட்டை அவரவரே பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவாயிற்று. இப்படி ஒரு உத்தரவைப் போட்ட வாய்க்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேலாயி கயிற்றை எடுத்ததும் செவலை தானாக எழுந்து பின்னால் நடந்தது. மேயத்தான் கூட்டிப்போகிறாள் என்று அது நினைத்திருக்கும். வழியில் இரண்டு இடத்தில் நின்று புல்லைக் கடித்தது. அவசரப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கருப்பம்மா தன் மாட்டின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள்.

பதினொரு வெடி. நாலாவது வெடிக்கு மேல் வேலாயி எண்ணவில்லை.

அன்றைய பாலைக் காய்ச்சிக் காய்ச்சி ஞாயிறு காலை வரை வைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கஞ்சித் தண்ணி. பங்களாவில் மிச்சமிருந்த இரண்டு மாடுகளின் பாலைக் கேட்டுப் போனாள். நோய் கண்ட கொட்டில் பால், யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும் என்று துரைசாணி சொல்லியிருப்பதாகச் சமையற்காரன் சொன்னான். கொட்டவும் செய்தார்கள். பிறகு லுணுகலைத் தேத்தண்ணிக் கடையிலிருந்து, போகிற வருகிறவர்களைக் கெஞ்சி, அரைப் போத்தல் பால் வாங்கினாள். அதில் எந்த ஓடைத் தண்ணீர் கலந்திருந்ததோ தெரியாது. குழந்தைக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. நாலு நாள் நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தது. டிஸ்பென்சர் ஐயா வெள்ளை மருந்து கொடுத்தார். பிடித்த விரலை விடாத கை மெதுவாகத் தளர்ந்து, பங்குனி முடிவதற்குள் ஒரு மத்தியான நேரத்தில் விட்டுவிட்டது. கொழுந்து நிறுக்கிற நேரம். வேலாயி மலையிலிருந்து வந்து சேர்ந்தபோது தனலெட்சுமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்குகிறது என்று சொன்னாள்.

அடுத்த நாலாம் நாள் துரையின் மூன்றாவது மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது. அதே தேத்தண்ணி நிறம். லயத்தில் ஒரு மாட்டின் வால்கூட மிச்சமில்லாத தோட்டத்தில். துரை தானே லைசென்ஸ் துவக்கோடு இறங்கி, தன் புல்வெளி ஓரத்தில் ஒரு மரையைச் சுட்டார். இரகுநாதனுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து மரையின் வயிற்றைத் திறந்து, அந்தக் கறுத்த துண்டை எடுத்துக் கண்ணாடியில் ஒரே ஒரு தடவை ஒத்தினார். பேரிக்காய்கள் ஜோடி ஜோடியாகக் கிடந்தனவாம். துரையும் குனிந்து பார்த்துவிட்டு, மிகவும் சுவாரசியமான விஷயம் என்றாராம். அருகில் நின்ற வாச்சர் இதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் இரகுநாதன் லயத்துக்கு ஏறி வந்தார். கையில் ஒரு பால்மா டின். வேலாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவர் மூச்சு வாங்க வாங்க, நல்ல செய்தி கொண்டுவருகிறவரின் அவசரத்தோடு, லயத்து மாடுகள் மேல் பிழையில்லை என்று துரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், இனி விரும்பினவர்கள் மாடு வளர்க்கலாமென்று துரை சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு டின்னை நீட்டி, இது பிள்ளைக்கு என்றார்.

"புள்ளயப் பொதச்சு இன்னைக்கு ஒன்பதாம் நாளுங்க" என்றாள் வேலாயி. அவர் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நிற்பதைப் பார்த்து, அவளே மேற்கொண்டு சொன்னாள்: "கருப்பம்மா மக வீட்டுல ஒரு பச்சப்புள்ள இருக்கு. அங்கன குடுத்துட்டுப் போங்க."

பேச்சுச் சத்தம் கேட்டுத் தனலெட்சுமி காம்பராவிலிருந்து வெளியே வந்தாள். கொஞ்ச நாளாகக் கண்ணை இருட்டுவது நின்றிருந்தது. சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். கன்னத்தில் இலேசாகச் சிவப்பு வந்திருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். வேலாயியால்தான் அந்தச் சிவப்பைப் பார்க்க முடியவில்லை.

"ஐயா" என்றாள் தனலெட்சுமி. "நா தின்னேனே, அந்தச் சுவரொட்டி. அதுல ஒங்க பூச்சி தெரிஞ்சிருக்குமா?"

வீரசிங்கம் சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. குடித்துவிட்டு யாரிடமோ அழுதிருக்கிறார். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர்தான்.

இரகுநாதன் பொய் சொல்லிப் பழகாத மனிதர். அது அவர் முகத்திலேயே தெரிந்தது. "இல்லை, பிள்ளை" என்றார். "அதிலை ஒண்டும் தெரியாது. நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். பிறகு புத்தகம் பாத்தனான்."

அவள் தலையை ஆட்டினாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப தொர சுட்ட மரைக்கு எதுலங்க பாத்தீங்க?"

அவர் கையிலிருந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரத்தத்துலதாண்டி பாத்தாரு" என்றாள் வேலாயி. "காதுல குத்துன ரத்தத்துல. வாச்சரே சொன்னான். நீ உள்ள போ, பனி எறங்குது."

தனலெட்சுமி தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நம்பினாளா என்று வேலாயி அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு கிழவியாகிச் சாகும்வரையும் கேட்கவில்லை.